மலையில் வைத்த பேர்

தாராளமா உட்காருங்க தம்பி. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஒரு கவுனும் ஒரு பொம்மையும்தான், நசுங்கினாலும் ஒன்றும் ஆகாது. நீங்க எதுவரைக்கும்? கடைசி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் அதற்கு முந்தின ஊர், சாலமரத்துப்பட்டி.

காதுகுத்து விசேஷம். பிள்ளைக்கு மூன்று வயது. சொந்தமா என்று கேட்டால் என்ன சொல்ல? சொந்தம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்தது நான். பெற்றவன் குரல் கேட்பதற்கு முந்தி அது காதில் விழுந்தது என் குரல். நம்ப மாட்டீங்க. முதலில் யாருமே நம்ப மாட்டார்கள். சொல்லி முடித்த பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கேளுங்க, ஊர் வர இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு.

நான் பதினாறு வருஷம் ஓமனில் இருந்தவன். ஊரில் கேட்டால் மஸ்கட் என்போம். எவன் எந்த மூலையில் கிடந்தாலும் வீட்டுக்கு மஸ்கட்தான். நாங்கள் இருந்தது மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே தள்ளி, நிஸ்வா என்று ஒரு ஊர். ரோட்டோரம் பள்ளம் தோண்டிச் சாக்கடைக் குழாய் பதிக்கிற வேலை. நான் போர்மேன். நம்ம பக்கத்து ஆட்கள் ஏழு பேர் ஒரே ரூம். அண்ணாச்சி அண்ணாச்சி என்று உயிரை விடுவார்கள். நான் உட்காராமல் ஒருத்தன் சோற்றில் கை வைக்க மாட்டான். பயம் இல்லை தம்பி, மரியாதை.

அதில் ஒருத்தன்தான் தவசி. தவசிமுத்து. ரூமில் இருக்கிறானா வெளியே போனானா என்றே தெரியாது, அப்படி ஒரு அமைதி. ரூமுக்கு அப்படி ஒருத்தன் வேண்டும். இல்லையென்றால் பொழுது எப்படிப் போகும்? ஒருநாள் தூங்கும்போது மீசையை ஒரு பக்கம் மட்டும் வழித்துவிட்டோம். பாதி மீசையோடு வேலைக்கு வந்து நின்றான். எஞ்சினியர் சிரித்த சிரிப்பு! இவனுக்குக் கோபமே வராது. "விடுங்க அண்ணாச்சி" என்பான். அவ்வளவுதான். தங்கமான பயல். கூடப் பிறந்தவன் மாதிரி வைத்திருந்தேன்.

கல்யாணம் முடிந்து மூன்றே மாசத்தில் விமானம் ஏறினவன். பெண்சாதி பேர் சந்தனமாரி. அவள் ஊர்தான் சாலமரத்துப்பட்டி. இவன் அங்கே வந்த பிறகுதான் அவள் முழுகாமல் இருக்கிற சேதி வந்தது. பெண் பிள்ளை பிறந்தது. முப்பதாம் நாள் பேர் விட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

தவசிக்கு ஒரு அக்காள் இருந்திருக்கிறாள், வடிவு என்று. தாய் தகப்பன் இல்லாத வீடு. அவள்தான் பட்டாசு வேலைக்குப் போய் இவனை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்தாள். ஒருநாள் மருந்து பற்றிக்கொண்டது, அவளும் அதோடு போய்விட்டாள். இருபத்திரண்டு வயது. எனக்குப் பெண் பிறந்தால் அக்கா பேர்தான் என்று இவனுக்கு ஒரே பிடிவாதம். வாயில்லாத பயலுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பிடிவாதம். மாமனார் ஒப்பவில்லை. "எரிஞ்சு செத்தவ பேரை என் பேத்திக்கு விடுததா? என் கட்டை வேகட்டும், பிறகு விடுங்க" என்றுவிட்டார். நியாயம்தானே தம்பி? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தச் சந்தனமாரி இருக்கிறாளே, புருஷனுக்காகத் தகப்பனிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். பச்சை உடம்புக்காரி, ரெண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. கடைசியில் ஊரில் நாலு பேரைக் கூட்டி வைத்து மாமனார் ஒரு பேச்சுப் பேசினார். "சரி. பெத்தவன் வாயால பிள்ளை காதுல மூணு தரம் சொல்லட்டும். என்ன பேர் விழுதோ அதுதான் பேர். அதுக்குப் பிறகு நானும் மாத்த மாட்டேன், அவனும் மாத்தக் கூடாது." முடிந்தது. சந்தனமாரி ஜெயித்துவிட்டாள். இனி இவன் போனில் மூன்று தரம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவனே சொன்னதுதான். மற்ற யாரிடமும் வாய் திறக்க மாட்டான். அண்ணாச்சியிடம் மட்டும் ஒளிவுமறைவு கிடையாது.

வீடியோவில் பேசுகிறதெல்லாம் அப்போது அங்கே ஓடாது. வெறும் குரல்தான். வெள்ளிக்கிழமை, நம்ம ஊருக்குப் பன்னிரண்டரை, அங்கே பதினொரு மணி. மச்சினன் கூப்பிடுவான், போனைப் பிள்ளை காதில் வைப்பார்கள், இவன் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக இதே நினைப்பு. குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "வடிவு, வடிவு, வடிவு" என்று சொல்லிப் பார்க்கிறான். ஜெபமணி என்று ஒருத்தன், எங்கள் ரூம் கோமாளி, கதவைத் தட்டி, "ஏலே, உள்ள யாரு கூடலே குளிக்கே?" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதே வெள்ளிக்கிழமைதான் நாங்கள் மலைக்குப் போனது.

நிஸ்வாவுக்குப் பக்கத்தில் பச்சை மலை என்று ஒன்று உண்டு. கீழே நாம் வெந்து சாகும்போது மேலே போர்வை தேடும். மாதுளையும் ரோஜாவும் படிப்படியாக வெட்டின வயலில் நிற்கும் என்பார்கள். அத்தனை வருஷமும் பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அடிவாரத்தில் போலீஸ் நிற்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லையென்றால் ஏற விட மாட்டான். நமக்கு ஏது அந்த வண்டி? எங்கள் எஞ்சினியர் நல்ல மனுஷர், லீவில் கிளம்புகிற அன்றைக்குச் சாவியை என் கையில் கொடுத்து, "ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும்" என்றார். ரூம் பூரா திருவிழா.

தவசி வந்து கட்டில் பக்கத்தில் நிற்கிறான். "அண்ணாச்சி, நான் வரலை. ரூம்லயே இருந்துக்கிடுதேன். போன் வரும்லா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதுவும் அன்றைக்கு மெஸ் முறை அவனுடையது. மெஸ் முறை தெரியுமா தம்பி? ரூமில் ஆளுக்கு ஒரு நாள் சமையல். காய்ச்சல் அடித்தாலும் முறை முறைதான், நான் போட்ட சட்டம். காதர் மைதீன் என்று எங்கள் டிரைவர், இளகின மனசுக்காரர், "அவனை விடுங்க அண்ணாச்சி, அடுப்பை நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். ஒருத்தனுக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் கேட்பான். நான் அசையவில்லை.

"ஏலே, மலை மேல சிக்னல் இங்கத்தையவிட நல்லாக் கிடைக்கும். அந்த உசரத்துல நின்னு சொன்னா சாமிக்கே கேக்கும். அண்ணாச்சி பொறுப்பு, போதுமா?" என்றேன்.

பொறுப்பு என்று சொன்ன பிறகு அவனுக்கு என்ன பேச்சு? தலையை ஆட்டினான்.

விடிந்ததும் கிளம்பினோம். பிரியாணி அண்டாவைத் தவசி மடியில் வைத்துவிட்டோம், வேறு இடம் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அண்டா இவன் தாடையில் இடிக்கிறது. ஜெபமணி பின்னாலிருந்து, "மாப்பிள்ளைக்கு இப்பவே பிள்ளை தூக்கிப் பழக்கம் வேணும்லா அண்ணாச்சி" என்றான். வண்டியே குலுங்கிற்று. தவசியும் சிரித்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதுச் சட்டை போட்டிருந்தான். போனில் பேசுவதற்கு எவனாவது புதுச் சட்டை போடுவானா?

மேலே போய் ஒரு ஓடைக்கரையில் இறங்கினோம். நல்ல நிழல், பக்கத்தில் தண்ணீர், அடுப்பு வைக்கத் தோதான கல். ஒரு குறைதான், அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. காதர் மைதீன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, "அந்தப் பாறைக்குப் போனாத்தான் கிடைக்கும்" என்று கையைக் காட்டினார். இடது பக்கம், செங்குத்தாக ஒரு கால் மணி நேர ஏற்றம். வலது பக்கமும் அதே மாதிரி ஒரு பாறை. அதில் ஒன்றும் இல்லை, வெறும் பாறை.

தவசி அரக்கப்பரக்க வேலையில் இறங்கினான். வெங்காயம் வெட்டுகிறான், மணி பார்க்கிறான். கறியைக் கிண்டுகிறான், மணி பார்க்கிறான். பத்தே காலுக்கு வந்து, "அண்ணாச்சி, நான் மேல ஏறட்டுமா?" என்றான்.

"அரிசியைப் போட்டுத் தம் கட்டிட்டுப் போ. எல்லாரும் பட்டினி கிடக்கவா மலைக்கு வந்தோம்?" என்றேன். சரியான பேச்சுத்தானே?

அவன் அரிசி போடும்போது போனைக் கேட்டு வாங்கினேன். அவனிடம்தான் படம் நன்றாக விழுகிற போன் இருந்தது, பிள்ளை படம் அனுப்பினால் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று புதிதாக வாங்கியிருந்தான். "நான் பாறைக்குப் போய் நாலு போட்டோ எடுத்துக்கிட்டு அங்கனயே நிக்கேன். நீ தம் கட்டிட்டு ஓடி வா" என்றேன். ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு கொடுத்தான். "பதினொண்ணுக்கு அண்ணாச்சி" என்றான். "எனக்கு மணி பாக்கத் தெரியாதாலே?" என்றேன்.

ஏறும்போது ஜெபமணியிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனேன். அவன் புரிந்துகொண்டான். தவசி கை கழுவிவிட்டு, "அண்ணாச்சி எந்தப் பாறை?" என்று கேட்டபோது வலது பக்கம் கை காட்டிவிட்டான்.

சும்மா ஒரு விளையாட்டு தம்பி. ஐந்து நிமிஷம் அலைய விட்டு, பிறகு ஒரு கூப்பாடு போட்டுக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். மேலே நின்று பார்க்கிறேன், எதிர்ப் பக்கம் எறும்பு மாதிரி ஏறுகிறான். கையில் அகப்பை. கீழே வைக்கக்கூட மறந்துவிட்டான். உச்சிக்குப் போய் அங்கே ஆள் இல்லை என்றதும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். பிறகு என்னைப் பார்த்துவிட்டான். நான் கையை ஆட்டினேன். அவன் இறங்கத் தொடங்கினான். இறங்கவா செய்தான், உருண்டான் என்று சொல்லுங்க. கீழே ஜெபமணிக் கூட்டம் கை தட்டுகிறது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த நேரத்தில் போன் அடித்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் வந்துகொண்டிருக்கிறான், பத்து நிமிஷம் பொறுங்க என்று சொல்லத்தான் எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன் மச்சினன், "அத்தான், நேரமாச்சு, காதுல வைக்கோம், சொல்லுங்க" என்றான். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது.

பிறகு ஒரு மூச்சு கேட்டது.

பிள்ளையின் மூச்சு. சின்னதாக, ஈரமாக, இழுத்து இழுத்து. எனக்கும் ரெண்டு ஆண் பிள்ளைகள் உண்டு தம்பி. ரெண்டும் பிறக்கும்போது நான் அங்கே பள்ளத்துக்குள்தான். பேர் விடும்போது என்னை யாரும் கூப்பிடவில்லை. என் அண்ணன் விட்டான். ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள், இன்ன பேர் என்று. அதை நான் ஒரு குறையாக நினைக்கிறது கிடையாது. எதற்கு இப்போது அந்தப் பேச்சு? என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங், மூச்சு. அந்தப் பக்கம் எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். முகூர்த்தம் தப்பக் கூடாது. எதிரே பார்க்கிறேன், தூரத்தில் கீழே வெயிலில் நாங்கள் குழாய் பதிக்கிற ஊர் தெரிகிறது.

"நிஸ்வா" என்றேன்.

என் வாயில் அப்படி ஒரு நயமான குரல் வரும் என்று எனக்கே தெரியாது. மூன்று தரம் சொன்னேன். நிஸ்வா, நிஸ்வா, நிஸ்வா. காற்று வேறு இரைந்தது. மாமியார் பக்கத்தில் காது வைத்துக் கேட்டிருப்பாள் போல, "நிஸ்வாவாம்! நிஸ்வாவாம்!" என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு மாமனார் குரல், "ஆகா! பேருன்னா இது பேரு! போடுங்கடி குலவை!" குலவைச் சத்தம் அந்த மலையில் என் கைக்குள் கேட்டது தம்பி. நான் போனை அணைத்துவிட்டேன். பேர் வைத்தாயிற்று, இனி என்ன பேச்சு?

தவசி வந்து சேரும்போது பதினொன்றே கால் தாண்டிவிட்டது. புதுச் சட்டை கிழிந்து, முழங்காலில் ரத்தம். பேச முடியவில்லை, போனைத்தான் பார்க்கிறான். "இன்னும் வரலைலே, முகூர்த்தம் தள்ளியிருப்பாங்க. சாப்பிட்டுட்டு வந்து பேசலாம்" என்று கீழே கூட்டி வந்தேன். பாதி வழியில் சொன்னால் ரசிக்காது. எல்லாரும் கூடியிருக்கும்போது சொன்னால்தான் எடுப்பாக இருக்கும்.

இலை போட்டு உட்கார்ந்த பிறகு சொன்னேன். குரலை மாற்றி, மாமியார் மாதிரி, மாமனார் மாதிரி, குலவை எல்லாம் போட்டு. ஜெபமணி தரையில் உருண்டான். தவசியும் முதலில் சிரித்தான். சும்மா சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். "விளையாடாதிய அண்ணாச்சி" என்றான். "நீயே கேட்டுப் பாரு. வா, பாறைக்கே போவோம்" என்று எல்லாரும் எழுந்து அவனோடு ஏறினோம். காதர் மைதீன் மட்டும் வரவில்லை. வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ஆளுக்கு விளையாட்டே பிடிக்காது.

நான்தான் நம்பரைப் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். மாமியார் எடுத்தாள். "நிஸ்வா அப்பாவா? நல்லாருப்பீக மருமகனே! உங்க மாமாவுக்கு அம்புட்டு சந்தோசம். ஊர் பூரா இப்படி ஒரு பேரு கேட்டதில்லேன்னு சொல்லுது!" தவசி நிற்கிறான். அசையவில்லை. பிறகு சந்தனமாரி வாங்கினாள்.

"நீங்கதானா சொன்னது?" என்றாள்.

நாங்கள் ஐந்து பேர் சுற்றி நிற்கிறோம். ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான். தவசி என்னைப் பார்த்தான். நான் கண்ணைச் சிமிட்டினேன்.

"ஆமா" என்றான்.

"அப்ப அக்கா பேரு?"

தவசி கிழிந்த சட்டை நுனியை முறுக்குகிறான்.

"எங்க அப்பா உங்ககிட்டத் தனியாப் பேசினாரா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு என்னைய ரெண்டு நாள் பட்டினி போட்டீக?"

காற்று மட்டும் இரைகிறது. "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கேட்டீங்களா? அவளே சரி என்று சொல்லிவிட்டாள்.

நீங்கள் கேட்கலாம், அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. எப்படிச் சொல்வான்? வேறொரு ஆம்பளை உன் பிள்ளை காதில் பேர் சொன்னான், நான் மலையில் அகப்பையோடு ஓடிக்கொண்டிருந்தேன் என்றா? மாமனார் காதுக்குப் போனால் பிள்ளையையும் பெண்ணையும் அதோடு வைத்துக்கொள்வார். அவனுக்குத் தெரியும். வாயில்லாதவன் என்றாலும் விவரம் உண்டு. ஆனால் பிடிக்கவில்லை என்றால் "ஆமா" என்பானா? அடி மனசில் அவனுக்கும் அந்தப் பேர் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் என் கணிப்பு.

கீழே வந்து எல்லாருக்கும் அவன்தான் பரிமாறினான். எனக்கு ரெண்டு கால் துண்டு. அவன் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை விரதமோ என்னமோ.

அதற்குப் பிறகு ரூமில் அவனுக்கு நிஸ்வாப்பா என்றே பேர் ஆகிவிட்டது. வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஊர்ப் பேர்ப் பலகை நிற்குமில்லையா? ஜெபமணி ஒவ்வொன்றுக்கும், "ஏலே தவசி, உன் மவ பேரை அரபியிலயும் எழுதி வெச்சிருக்கான் பாரு" என்பான். சாக்கடைக்குள் இறங்கும்போது, "நிஸ்வாவுக்குக் குளிப்பாட்டி விடப் போறியாலே?" என்பான். தவசி "விடுங்க" என்றுகூடச் சொல்வதில்லை. சந்தனமாரி அவன் போனை எடுப்பது குறைந்துபோனது. கைப்பிள்ளைக்காரி, வேலை இருக்காதா? வேறு கேம்புக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தான். நான்தான் கையெழுத்துப் போடாமல் நாலு மாசம் வைத்திருந்தேன். பிரிய மனசு வரவில்லை தம்பி. கடைசியில் வேலையே வேண்டாம் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

போகிற அன்றைக்கு என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. ஊர்ல யார்கிட்டயும் சொல்லிராதிய. அவ நான் சொன்னதாவே நினைச்சுக்கிடட்டும்" என்றான். சரி என்றேன். மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். பஸ்ஸில் ரயிலில் சொல்வது வேறு, அது கணக்கில் வராது.

இப்போது கூத்தைக் கேளுங்க. போன மாசம் ஜெபமணி சொன்னான். தவசி ஊருக்கு வந்து ஒரு வருஷம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கடைசியில் இந்தப் பயல் ஒன்று கட்டி விட்டிருக்கிறான். பேர் விடுகிறதுக்கு முந்தின நாள் அக்கா கனவில் வந்தாளாம், "என் பேரு வேண்டாம்டா, என் விதி உன் பிள்ளைக்கு வேண்டாம், நான் சொல்லுத பேரை வை" என்றாளாம். நிஸ்வா அக்கா சொன்ன பேராம்! அதைக் கேட்டுச் சந்தனமாரி அழுது, அன்றையிலிருந்து அக்காள் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறாளாம். குடும்பம் இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறதாம். எனக்கு எவ்வளவு சிரிப்பு வந்தது தெரியுமா? நான் சொன்ன பேருக்குச் செத்தவளுக்கு விளக்கு!

எனக்குப் பத்திரிகை வரவில்லை. மறந்திருப்பான், விசேஷ வீட்டில் ஆயிரம் வேலை. ஜெபமணிக்கு வந்ததைப் போட்டோ பிடித்து அனுப்பினான். செல்வி நிஸ்வா என்று பெரிய எழுத்தில். என் பிள்ளைகள் பத்திரிகையில்கூட என் வாயால் வந்த எழுத்து ஒன்று கிடையாது. பார்த்ததும் முடிவு பண்ணிவிட்டேன். பந்தியில் உட்கார்ந்து, மாமனார், மாமியார், மச்சினன், சந்தனமாரி எல்லாரையும் வைத்துக்கொண்டு, மலையில் நடந்ததை முழுசாகச் சொல்லப் போகிறேன். குலவையோடு. செய்தவனுக்கும் ஒரு பேர் வேண்டாமா? அதுவும் அவர்கள் போனுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவர்கள், இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எப்படி ரசிப்பார்கள் பாருங்க.

நீங்க என்ன, சிரிக்கவே இல்லை? வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா?

இருங்க, போன் அடிக்குது. தவசி! நூறு வயசு இவனுக்கு.

"சொல்லுலே… ஆமா, பஸ்லதான் வாரேன். ஜெபமணி சொன்னானா? ஆச்சரியமா வந்து நிக்கலாம்னு பார்த்தா கெடுத்துட்டான் பாரு… என்னது? எதுக்குலே இங்க இறங்கணும்?… பாலத்துக்கிட்டயா? அங்க என்ன இருக்கு?… ஏலே, மெதுவாப் பேசு, ஒண்ணும் விளங்கலை… அழுதியாலே?… சரி சரி, வை."

பார்த்தீங்களா தம்பி? ஊருக்கு முந்தி பாலத்துக்கிட்ட இறங்கச் சொல்கிறான். அவனே வந்து நிற்கிறானாம், பேசணுமாம். விசேஷ வீட்டில் அவ்வளவு வேலையைப் போட்டுவிட்டு என்னை எதிர்கொண்டு அழைக்க வந்திருக்கிறான். பாசத்தில் குரலே உடைந்துபோச்சு பயலுக்கு.

ஆனால் பொட்டல் காட்டில் எதற்கு இறங்க? பொம்மைப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கவா? நேரே வீட்டு வாசலில் போய் இறங்கினால்தான் மரியாதை.

அதோ, அந்தப் பாலம்தான். நிற்கிறான் பாருங்க, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, நடு ரோட்டில். அட, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, நன்றாகப் பார்க்கட்டும். ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுகிறான். இந்தக் காலத்தில் யார் தம்பி இவ்வளவு மரியாதை தருகிறார்கள்?

கண்டக்டர், இங்க வேண்டாம். டிரைவர்கிட்ட ஹாரன் அடிச்சு அவனை ஒதுக்கச் சொல்லுங்க. நீங்க போங்க.